கிளிக்கை எப்போது நிறுத்துவது? சொந்த மெட்டுகளில் ஒரு கெல்டிக் ஆல்பம்

நீங்கள் கேட்டது இது: டின் விசிலும் (ஆறு துளை உள்ள சின்ன உலோகக் குழல்) கிதாரும் வாசிக்கிறீர்கள். ஐரிஷ், ஸ்காட்டிஷ் பாணியில் சொந்தமாகப் பதினைந்து மெட்டுகள் போட்டு வைத்திருக்கிறீர்கள். பிடில் வாசிக்க ஒரு நண்பர், பௌரான் என்ற ஐரிஷ் தோல் மேளம் வாசிக்க இன்னொருவர் இருக்கிறார்கள். இதை வாத்திய இசை ஆல்பமாகக் கொண்டுவர ஆசை. ஆளுக்கொரு டிராக்காக, காதில் சீராகத் தாளம் தட்டும் கிளிக் வைத்துப் பதிவு செய்வதா, சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பதா? வீட்டிலேயே முடியுமா, ஸ்டுடியோ வேண்டுமா?

சுருக்கமாகச் சொன்னால், சேர்ந்து வாசியுங்கள். கிளிக்கைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான அறை ஒன்று கிடைத்தால் வீடே போதும். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். இந்த இசையில் மெட்டு ரொம்பச் சின்னது. இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் எட்டு பார் (தாள அளவு). அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது வாசிப்பில் இருக்கும் துள்ளல். ஐரிஷ்காரர்கள் அதை 'லிஃப்ட்' என்பார்கள். மைக், கருவி, மென்பொருள் எல்லாம் அந்தத் துள்ளலைக் கெடுக்காமல் இருந்தால் போதும். அவற்றால் அதை உண்டாக்க முடியாது.

முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். ரீல், ஜிக், ஹார்ன்பைப் என்ற நடன மெட்டு வகைகளில் எதுவானாலும் வழக்கமான வடிவம் 32 பார். முதல் பகுதி இருமுறை, இரண்டாம் பகுதி இருமுறை. பாருக்கு இரண்டு தட்டு என்றால் 64 தட்டு. நிமிடத்துக்கு 110 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 35 வினாடியில் முடிந்துவிடும். மூன்று சுற்று வாசித்தாலும் இரண்டு நிமிடம் வராது. அதனால்தான் இரண்டு மூன்று மெட்டுகளை இடைவெளி விடாமல் கோத்து ஒரு 'செட்' ஆக வாசிக்கிறார்கள். மூன்று மெட்டு, ஒவ்வொன்றும் மூன்று சுற்று என்றால் சுமார் ஐந்தேகால் நிமிடம். உங்கள் பதினைந்து மெட்டும் இப்படி ஐந்து செட்டாகிவிட்டால் மொத்தம் 26 நிமிடம்தான். ஆல்பம் என்று சொல்ல 40 நிமிடமாவது வேண்டும் என்று நினைத்தால் இடைவெளி பெரியது.

இதை நிரப்ப ஒவ்வொரு மெட்டையும் ஆறு சுற்று வாசிப்பது மோசமான வழி. நல்ல வழி, மெதுவானவற்றைச் சேர்ப்பது. ஒரு வால்ட்ஸ் தனியாகவே மூன்று நிமிடம் நிற்கும். தாளக்கட்டு இல்லாத மெதுவான ஏர் ஒன்றை இருமுறை வாசித்தால் நான்கு நிமிடம். ஹார்ன்பைப்பும் ஸ்காட்லாந்தின் நடன மெட்டான ஸ்ட்ராத்ஸ்பேயும் ரீலைவிட நிதானமாகப் போகும். பதினைந்தும் ரீலும் ஜிக்குமாகவே இருந்தால், உட்கார்ந்து இரண்டு ஏர், ஒரு வால்ட்ஸ், ஒரு மார்ச் எழுதிவிட்டுப் பதிவுக்குப் போங்கள். நேரக் கணக்கை விடுங்கள், கேட்பவரின் காதுக்கும் அது வேண்டும். தொடர்ந்து மூன்று ரீல் செட் கேட்டால் நான்காவது எவ்வளவு நன்றாக இருந்தாலும் காதில் ஏறாது.

சரி, மெட்டுகளுக்கு வருவோம். பதிவு செய்யும் முன் ஒவ்வொன்றையும் இரண்டு சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

முதல் சோதனை, அது உண்மையிலேயே உங்களுடையதா என்பது. இந்தப் பாணியில் இது கிண்டலான கேள்வி அல்ல. 1903இல் சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 1850 மெட்டுகள் உண்டு. அதற்குப் பிறகு எழுதப்பட்டவையும் ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லாம் அதே ஏழு ஸ்வரம், அதே எட்டு பார். வருடக்கணக்காகக் கேட்டது கைக்குள் இறங்கி, புதிது போல வெளியே வருவது சகஜம். டியூன்பால் என்ற செயலி நீங்கள் வாசிப்பதைக் கேட்டு அதை ஒத்த மெட்டுகளைத் தேடித் தரும். அதில் போட்டுப் பாருங்கள். அப்புறம் இந்த மரபில் நிறைய மெட்டு தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் காது செயலியைவிடக் கூர்மை. ஒரு பகுதியின் கடைசி இரண்டு பார் வேறொன்றைப் போல இருந்தால் கவலைப்பட வேண்டாம், முடிவுகள் எல்லோருக்கும் பொதுச்சொத்து. முதல் நான்கு பார் ஒத்துப்போனால் அந்த மெட்டை மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் ஒதுக்கிவிட வேண்டும்.

இரண்டாவது சோதனை, இன்னொரு வாத்தியத்தில் அது உட்காருகிறதா என்பது. விசிலில் போட்ட மெட்டு பெரும்பாலும் டி, ஜி என்ற இரண்டு ஸ்கேலுக்குள்ளும் அவற்றிலிருந்து பிறக்கும் மோடுகளுக்குள்ளும் (அதே ஸ்வரங்களை வேறொரு ஸ்வரத்திலிருந்து தொடங்கும் வரிசைகள்) இருக்கும், பிடிலுக்கு அது சுகம். கிதாரில் போட்ட மெட்டுதான் தொல்லை தரும். டி விசிலுக்கு அடி ஸ்வரம் டி. அதற்குக் கீழே போக வழியே இல்லை. கிதாரில் விரல் போன போக்கில் கீழே இறங்கியிருந்தால் விசிலில் அந்த இடத்தை மடித்து மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோக வேண்டிவரும்; பாதி மெட்டுகள் அதில் உடைந்துவிடும். மூச்சு விட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிடில்காரர் ஓயாமல் எட்டெட்டாக இழுத்துக்கொண்டே போகலாம். குழல் வாசிப்பவர் எங்கோ ஒரு ஸ்வரத்தை விழுங்கித்தான் மூச்சு எடுக்க முடியும். நல்ல மெட்டில் அப்படி விழுங்கத் தோதான இடங்கள் தாமாகவே இருக்கும்.

மோடு பற்றி ஒரு வார்த்தை. நம் காதுக்கு இது புதிய உலகம் இல்லை. மேஜர் ஸ்கேல் சங்கராபரணம், மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி, டோரியன் கரகரப்பிரியா, ஏயோலியன் நடபைரவி; இந்த நான்குக்குள்தான் ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளில் பெரும்பாலானவை அடங்கும். ஆனால் இங்கே ஸ்வரங்களுக்குக் கமகம் இல்லை. கட், ரோல், கிரான் என்று அவர்கள் சொல்லும் அலங்காரங்கள் ஸ்வரத்தை வெட்டிப் பிரிக்கும் விரல் தட்டுகள். காதில் தனி ஸ்வரமாக விழக் கூடாது. கர்நாடக சங்கீதப் பழக்கம் உள்ளவர்கள் வாசித்தால் ஸ்வரங்களுக்கு நடுவே லேசாக ஒரு வழுக்கல் வந்துவிடும். மெதுவான ஏரில் அது அழகு. ரீலில் தாளம் குழைந்துபோகும்.

இனி செட் கோப்பது. ஆல்பத்தின் தரம் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். இதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. அயர்லாந்தின் ஸ்லைகோவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய மைக்கேல் கோல்மன் 1920களில் 78 சுழற்சி இசைத்தட்டுகளில் பிடில் வாசித்தார். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். அதற்குள் அவர் சேர்த்து வாசித்த மெட்டுகளை இன்றும் பலர் அதே வரிசையில்தான் வாசிக்கிறார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குக் கை தானாகவே போகிறது. நல்ல சேர்க்கைக்கு அவ்வளவு வலு. சேர்க்கையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மெட்டு மாறும் அந்த ஒரு நொடி. ஈ டோரியனிலிருந்து டி மேஜருக்கு மாறினால் திரை விலகின மாதிரி இருக்கும். டி-யிலிருந்து ஜி-க்குப் போவது சாதுவான மாற்றம். ஜி-யிலிருந்து ஏ-க்கு ஏறினால் சட்டென்று சூடு பிடிக்கும். மூன்று மெட்டும் ஒரே ஸ்கேலில் இருந்தால், தெரியாதவருக்கு அது ஒரே நீளமான மெட்டாகத்தான் கேட்கும். அதேபோல முதல் ஸ்வரம் கீழே தொடங்கும் மெட்டுக்குப் பிறகு மேலிருந்து இறங்கும் மெட்டு வந்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும்.

ஜிக்கிலிருந்து ரீலுக்கு நடுவில் தாவலாமா என்று கேட்பீர்கள். தாவலாம். திஸ்ர நடையிலிருந்து சதுஸ்ரத்துக்கு மாறுவது மாதிரிதான்; தட்டின் வேகத்தை மாற்றாமல் உள்ளே இருக்கும் மூன்றை நான்காக்கினால் கேட்பவருக்கு வண்டி கியர் மாற்றின உணர்வு வரும். ஆனால் ஆல்பம் முழுக்க ஒரே ஒரு தடவை செய்யுங்கள்.

மூன்று சுற்றையும் ஒரே மாதிரி வாசிக்கக் கூடாது. முதல் சுற்றில் மெட்டு வெறுமையாக, ஒரே வாத்தியத்தில் வரட்டும். இரண்டாவதில் பிடிலும் கிதாரும் சேரட்டும். மூன்றாவதில்தான் பௌரானும், ரோல்களின் இடமாற்றமும், சின்னச் சின்ன ஸ்வர வேறுபாடுகளும். இதையே எல்லா டிராக்கிலும் செய்தாலும் சலிப்புத்தான்; ஒரு செட்டில் எல்லோரும் முதல் தட்டிலேயே குதியுங்கள், இன்னொன்றில் பௌரான் வேண்டவே வேண்டாம். (பௌரான் வாசிக்கச் சிறந்த கருவி பேனாக்கத்திதான் என்று ஐரிஷ்காரர்களிடையே ஒரு பழைய கேலி உண்டு. உங்கள் நண்பரிடம் சொல்ல வேண்டாம்.)

கிதார் பற்றிக் கொஞ்சம். இந்த மரபில் கிதார் பிந்தி வந்த விருந்தாளி. ஐரிஷ் பக்கவாத்தியக்காரர்களில் பலரும் எடுத்துக்கொண்ட சுருதி டி-ஏ-டி-ஜி-ஏ-டி. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கிதார் கலைஞர் டேவி கிரஹாம் அதைப் பிரபலப்படுத்தினார். அதில் திறந்த தந்திகளை மீட்டினால் மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் மூன்றாவது ஸ்வரம் வராது. மோடுகளுக்கு அதுவே வசதி. மெட்டுதான் நிறத்தைச் சொல்லும், கிதார் அதை மீறாது. வழக்கமான சுருதியில் வாசிப்பதாக இருந்தாலும் மூன்றாவது ஸ்வரத்தை அடிக்கடி விட்டுவிட்டு, அடியில் ஒரு ஸ்வரத்தை ஒத்து மாதிரி பிடித்துக்கொண்டு பாருங்கள். நான்கு பாருக்குள் ஆறு கார்டு மாற்றுவது மெட்டின் கழுத்தைப் பிடிக்கும் வேலை.

இப்போது நீங்கள் கேட்ட கிளிக். ஜிக் 6/8. எழுத்தில் பார்த்தால் மூன்று மூன்று சம ஸ்வரங்கள். வாசிப்பில் அவை சமமாக வராது. முதலாவது கொஞ்சம் நீளும், இரண்டாவது சுருங்கும், மூன்றாவது இடைப்பட்டு நிற்கும். ரீலிலும் அப்படித்தான், ஸ்வரங்கள் ஜோடி ஜோடியாக லேசாக ஊசலாடும். எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். நல்ல வாசிப்பாளர் கிளிக்கோடு வாசித்தாலும் இதைக் கைவிட மாட்டார். சராசரி வாசிப்பாளர் கிளிக்கைத் துரத்திப் பிடிப்பதில் கவனம் போய், எல்லாவற்றையும் சமமாக்கிவிடுவார். பிழை இல்லாமலும் உயிர் இல்லாமலும் ஒரு டிராக் வந்து சேரும். அதோடு, செட்டில் அடுத்த மெட்டுக்கு மாறும்போது வேகம் ஒரு துளி ஏறுவது இயல்பு. நாலு பேர் ஒன்றாக உற்சாகப்படுவது அங்கேதான் கேட்கும். அதைக் கிளிக் அனுமதிக்காது.

ஆகவே நடைமுறை இப்படி இருக்கட்டும். ஒத்திகையில் ஒவ்வொரு செட்டுக்கும் சரியான வேகத்தைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு நாளில் பதற்றத்தில் எல்லோரும் வேகமாகத்தான் தொடங்குவார்கள், அதனால் இந்தக் குறிப்பு அவசியம். டேக் (ஒரு முழுப் பதிவு முயற்சி) தொடங்கும் முன் அந்த வேகத்தில் கிளிக்கைப் பத்து வினாடி எல்லோரும் கேளுங்கள். நிறுத்துங்கள். வாசியுங்கள். ஜிக்குக்குக் கிளிக் வைக்கும்போது பாருக்கு இரண்டு தட்டாக வையுங்கள். ஆறு தட்டாக வைத்தால் மேலே சொன்ன சமன்செய்யும் நோய் உடனே தொற்றும். மெதுவான ஏருக்குக் கிளிக் என்ற பேச்சே வேண்டாம், அது ஆலாபனை போலத் தன் மூச்சில் போக வேண்டியது.

முழுக் கிளிக் தேவைப்படும் இடமும் உண்டு. நண்பர்களில் ஒருவர் வேறு ஊரிலிருந்து தன் பகுதியைப் பதிவு செய்து அனுப்பப்போகிறார் என்றாலோ, பின்னால் பெரிய தந்தி வாத்தியக் குழுவைச் சேர்க்கும் திட்டம் இருந்தாலோ கிளிக் இல்லாமல் முடியாது. அப்போதும் முதலில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மாதிரி டேக் வாசித்து, அதன் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கிளிக்கின் வேகத்தை மென்பொருளில் வளைத்துக்கொள்ளலாம். ரீப்பர் போன்ற எல்லா நல்ல பதிவு மென்பொருளிலும் இதற்கு வசதி உண்டு.

உங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. விசிலும் கிதாரும் நீங்கள்தான், இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்க முடியாது. எது முதலில்? பாப் இசைப் பழக்கத்தில் கிதாரும் தாளமும் முதலில், மெட்டு பிறகு என்று தோன்றும். இங்கே தலைகீழ். மெட்டு வாசிப்பவர்கள்தான் இஞ்சின். பக்கவாத்தியம் அவர்களைப் பின்தொடர்கிறது. விசில், பிடில், பௌரான் மூவரும் ஒன்றாக வாசித்து முடித்த பிறகு, நீங்கள் கிதாரை மேலே சேருங்கள். மெட்டு உங்கள் குழந்தை, எங்கே மூச்சு வாங்கும், எங்கே ஓடும் என்று உங்களுக்குத் தெரியும்; கிளிக் இல்லாமலே கிதார் ஒட்டிக்கொள்ளும். பிடில் முன்னணியில் இருக்கும் செட்டுகளில் மட்டும் மாற்றிச் செய்யுங்கள்: கிதாரோடு உட்கார்ந்து, விசிலைப் பிறகு சேருங்கள். மேலே சேர்க்கும்போது உங்கள் வாசிப்பை ஹெட்போனில் தாமதம் இல்லாமல் கேட்க வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் தாமதத்தைத் தீர்மானிக்கும் மென்பொருளின் பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்குங்கள்.

சுருதி சேர்ப்பதில் பலர் கோட்டை விடும் ஒன்று, அறையின் வெப்பம். குழாய் வாத்தியங்களுக்குள் காற்று சூடானால் சுருதி ஏறும். ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் மூன்று சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). குளிரூட்டிய அறையில் காலையில் 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்த விசில், அதே அறை மதியம் ஐந்து டிகிரி சூடானதும் 15 சென்ட் ஏறியிருக்கும். பிடிலோடு சேர்ந்தால் காது கூசும். தலைப்பகுதியை நகர்த்திச் சுருதி சேர்க்கக்கூடிய விசிலாக வாங்குங்கள். வாசிக்கும் முன் இரண்டு நிமிடம் ஊதிச் சூடாக்கிவிட்டுச் சுருதி பாருங்கள். ஒவ்வொரு செட்டுக்கு முன்னும் மறுபடி பாருங்கள். பின்னால் கன்சர்டினா அல்லது அக்கார்டியன் போன்ற துருத்தி வாத்தியம் வாசிப்பவரை விருந்தாளியாக அழைக்கும் எண்ணம் இருந்தால், அந்த வாத்தியத்தின் சுருதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அதை உட்கார்ந்த இடத்தில் மாற்ற முடியாது, மற்ற எல்லோரும்தான் அதற்கு இணங்க வேண்டும். ஸ்காட்டிஷ் ஹைலேண்ட் பைப் இன்னும் பிடிவாதம்: அதன் 'ஏ' இப்போதெல்லாம் 470 ஹெர்ட்ஸுக்கும் மேலே நிற்கிறது. அதைச் சேர்க்க நினைத்தால் அந்த மெட்டையே அதைச் சுற்றி அமைக்க வேண்டும்.

வீடா ஸ்டுடியோவா? மூன்று பேர் வட்டமாக உட்கார இடம், உயரமான கூரை, புத்தக அலமாரியும் திரையும் சோபாவும் உள்ள அறை, வெளிச்சத்தம் குறைந்த நேரம். இவை இருந்தால் வீட்டில் இயல்பாக வரும் வாசிப்பு, மணிக்கணக்கில் வாடகை ஓடும் ஸ்டுடியோவில் வருவதைவிட நன்றாக இருக்கும். வெறும் சுவரும் தளமுமான சின்ன அறை வேண்டாம்; விசிலின் மேல் ஸ்தாயி அங்கே சுவருக்குச் சுவர் மோதி ஊசியாகக் குத்தும். டிராக்குகளைக் கலக்கும் மிக்ஸிங்குக்கும், கடைசி மெருகான மாஸ்டரிங்குக்கும் மட்டும் வெளியாளிடம் காசு செலவழிப்பது நல்ல சமரசம். பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், உச்சம் கழித்தல் 10 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மைக் விஷயத்தில் ஒரே கொள்கை: நீங்கள் நினைப்பதைவிடத் தள்ளி வையுங்கள். டின் விசிலின் சத்தம் வாய்ப்பக்கத் துளையிலிருந்தும் விரல் துளைகளிலிருந்தும் சேர்ந்து வருகிறது. வாய்க்கு நேரே மைக் வைத்தால் காற்றுச் சீறல்தான் மிஞ்சும். அரை மீட்டர் தள்ளி, கொஞ்சம் உயரத்திலிருந்து விசிலின் நடுப்பகுதியைப் பார்க்க வையுங்கள். டி விசிலின் அடி ஸ்வரமே 587 ஹெர்ட்ஸ், மேல் ஸ்தாயியின் உச்சி 2000 ஹெர்ட்ஸை நெருங்கும். அதன் கிளை ஒலிகள் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் போய் விழும். கூர்மையான மலிவுக் கண்டன்சர் மைக்கைவிட ரிப்பன் மைக், அல்லது சாதுவான டைனமிக் மைக் இதற்கு ஏற்றது. மெதுவான ஏருக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் லோ விசிலைப் பரிசீலியுங்கள். 1971இல் விசில் செய்பவரான பெர்னார்ட் ஓவர்டன், ஐரிஷ் இசைக்கலைஞர் ஃபின்பார் ஃபியூரிக்காகச் செய்து கொடுத்ததிலிருந்து இன்றைய லோ விசிலின் கதை தொடங்குகிறது. ஆல்பத்தின் நிறம் ஒரே மாதிரி இல்லாமல் இருக்க அது ஒன்றே போதும்.

பிடிலுக்கு மேலே முக்கால் மீட்டர் தள்ளி ஒரு மைக். கிதாருக்குப் பன்னிரண்டாவது ஃபிரெட்டைப் பார்த்து ஒரு சாண் தள்ளி. ஓட்டைக்கு நேரே வைத்தால் கும்மென்று இரைச்சல். பௌரானுக்கு முன்பக்கம் தோலின் தட்டலும், பின்பக்கம் கை அழுத்தி மாற்றும் அடி ஒலியும் கிடைக்கும். ஒரு மைக்தான் இருக்கிறதென்றால் பின்பக்கம் வையுங்கள். அறையில் சத்தமான வாத்தியம் அதுதான், எல்லா மைக்கிலும் புகுந்துவிடும். முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் எட்டு வடிவ மைக்குக்கு இரண்டு பக்கவாட்டும் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கம் பௌரானை நோக்கி இருக்கும்படி பிடில் மைக்கைத் திருப்பினால் பெரும் பகுதி அடங்கிவிடும். மைக்குகளுக்கு இடையே உள்ள தூரம், வாத்தியத்துக்கும் அதன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் ஒலிகள் ஒன்றையொன்று தின்னாது. இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் கசியும். கசியட்டும். ஒரே அறையில் வாசித்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

காலால் தாளம் போடுகிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கும், மைக் அதை ஒன்றுவிடாமல் எடுத்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு, காலடியில் தடித்த கம்பளம் போடுங்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள், கால் நின்றால் துள்ளலும் நின்றுவிடும். கனடாவின் கியூபெக்கில் காலால் தட்டுவதையே ஒரு வாத்தியமாக வளர்த்திருக்கிறார்கள். உங்கள் தட்டு அவ்வளவு நேர்த்தி என்றால் ஒரு செட்டில் பலகை வைத்து அதற்கும் தனி மைக் கொடுங்கள்.

ஒரு செட்டுக்கு மூன்று டேக் எடுங்கள், அதற்கு மேல் இழுத்தால் கைகள் களைத்துவிடும். நான்காவதில் பிழை குறையும், கூடவே ஆசையும் குறையும். கிளிக் இல்லாவிட்டாலும் டேக்குகளை ஒட்ட முடியும்: ஒவ்வொரு சுற்றும் ஒரே இடத்தில் தொடங்குவதால், இரண்டாவது டேக்கின் முதல் மெட்டையும் மூன்றாவது டேக்கின் மற்ற இரண்டையும் மாறும் இடத்தில் ஒட்டினால் தெரியாது, வேகம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் போதும். செய்யக் கூடாதது, நன்றாக வந்த ஒரு சுற்றை நகலெடுத்து மற்ற சுற்றுகளின் இடத்தில் வைப்பது. காது அதை உடனே கண்டுபிடிக்காது, மூன்றாவது முறை ஆல்பத்தைக் கேட்கும்போது கண்டுபிடிக்கும். ஒவ்வொரு அமர்விலும் யாரும் வாசிக்காமல் அரை நிமிட அறை அமைதியையும் பதிவு செய்து வையுங்கள். ஒட்டுப் போடும்போது அது தேவைப்படும்.

மிக்ஸிங்கில் சொல்ல அதிகம் இல்லை. உட்கார்ந்த வரிசையிலேயே வாத்தியங்களை இடம் வலம் வையுங்கள், விசிலின் குத்தலை மூவாயிரம் ஹெர்ட்ஸ் வாக்கில் லேசாகத் தணியுங்கள், எதிரொலியைக் குறைவாகச் சேருங்கள். மூடுபனி, மலைமுகடு, தேவதைக்கதை என்று 'கெல்டிக்' அட்டையோடு விற்கும் நீண்ட எதிரொலி ரீலின் ஸ்வரங்களை ஒன்றோடொன்று குழப்பிவிடும். ஸ்பாட்டிஃபை வழக்கமாகக் கழித்தல் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதில் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமன்செய்துவிடுகிறது. சத்தத்துக்காக நசுக்கிக் கொடுத்தால் ஆதாயம் ஒன்றும் கிடைக்காது. மாஸ்டரிங் செய்பவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

உரிமை விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மெட்டும் பதிவும் இரண்டு தனித்தனிச் சொத்து. பதிவுக்கு, அதை அடையாளம் காட்ட, டிராக்குக்கு ஒரு ஐ.எஸ்.ஆர்.சி. எண் வரும், 12 எழுத்து கொண்டது. மூன்று மெட்டு உள்ள செட்டுக்கும் ஒரே எண்தான். ஆனால் இசையமைப்பாளர் உரிமைச் சங்கத்தில் பதியும்போது அந்த மூன்றும் மூன்று படைப்பு. தனித்தனிப் பெயரில் பதிய வேண்டும். பலர் செட்டின் பெயரிலேயே ஒரே படைப்பாகப் பதிந்துவிடுகிறார்கள். நாளைக்கு வேறொரு குழு நடு மெட்டை மட்டும் எடுத்து வாசித்தால் அதற்கான பணம் வழி தெரியாமல் நிற்கும். நண்பர்களோடும் முதல் ஒத்திகைக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்: மெட்டு உங்களுடையது, இசை ஏற்பாட்டில் (அரேஞ்ச்மெண்ட்) யாருக்கு எவ்வளவு, பதிவில் யாருக்கு எவ்வளவு. இடையில் ஒரு மரபு மெட்டைச் சேர்க்க விரும்பினால், மெட்டு பொதுவுடைமை என்பதாலேயே வேறொரு குழு அதற்குச் செய்த ஏற்பாடும் பொது என்று எண்ணிவிடாதீர்கள். 1738இல் மறைந்த யாழிசைக் கலைஞர் டர்லோ ஓ'கரோலனின் மெட்டை யாரும் எடுக்கலாம்; போன வருடம் ஒரு குழு அதற்குப் போட்ட இடைப்பகுதியை எடுக்க முடியாது.

கடைசியாக, ஆல்பம் வெளிவரும் அதே நாளில் மெட்டுகளின் குறிப்பையும் வெளியிடுங்கள். இந்த மரபில் ஸ்டாஃப் நொட்டேஷனோடு ஏ.பி.சி. என்ற எழுத்துக் குறிப்பும் புழங்குகிறது. வெறும் தட்டச்சு எழுத்துகளில் மெட்டை எழுதிவிடலாம். மற்றவர்கள் எடுத்து வாசிக்க வேண்டும் என்றால் அதைவிட எளிய வழி இல்லை. அலங்காரங்களை எழுதாதீர்கள், அவரவர் போட்டுக்கொள்வார்கள். ஆனால் தலைப்பு வரிக்குக் கீழே இசையமைப்பாளர் பெயருக்கென்று ஒரு வரி இருக்கிறது, அதை ஒவ்வொரு மெட்டிலும் மறக்காமல் நிரப்புங்கள். பிலடெல்பியாவில் பிளம்பராக வேலை பார்த்த எட் ரீவி நூற்றுக்கும் மேலான மெட்டுகள் எழுதினார். அவற்றில் சில அவர் உயிரோடு இருந்தபோதே 'மரபு மெட்டு' என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருந்தன.